விழாவுக்கு முந்தின ராத்திரி வந்து இறங்கும் பார்சல்: காகித அலங்காரம் ஆர்டர் செய்பவர்கள் கவனத்துக்கு

ஃபேர்வெல், பட்டமளிப்பு விழா என்று இன்ஸ்டாகிராமில் ‘ஹேண்ட்மேட்’ காகித அலங்காரம் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் அனுப்புங்கள். அந்தப் பக்கத்தின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

திருச்சியில் என் மகள் படிக்கும் பள்ளியில் யூகேஜி முடிக்கும் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா. யூகேஜிக்கு எதுக்கும்மா கவுனும் தொப்பியும் என்று என் மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் பிள்ளைகள் ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் பலூன் வேண்டாம், எல்லாமே காகிதத்தில், கையால் செய்ததாக இருக்கட்டும் என்று பெற்றோர் வாட்ஸாப் குழுவில் முடிவானது. அப்படித்தான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. புதுச்சேரி கைக்காகிதத்தில் வெட்டி ஒட்டிய பூக்கள், கத்தரியால் வெட்டிய தமிழ் எழுத்துகள், குஞ்சம் வைத்த தொப்பிகள் என்று அள்ளிக் குவித்த படங்கள்.

பேக்டிராப் 6,500, தொப்பி ஒன்று 90 ரூபாய் வீதம் 35 பிள்ளைகளுக்கு, பெயர்த் தோரணம் 2,000. பேசிக் குறைத்து 11,500 என்று முடித்தோம். அட்வான்ஸ் 8,000. பணம் போன கணக்கில் இருந்த பெயருக்கும் பக்கத்தின் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. கேட்டதற்கு, “அது எங்க வீட்டுக்காரர் நம்பர்க்கா” என்றார்கள்.

விழா சனிக்கிழமை காலை. சரக்கைப் புதன்கிழமை தருவதாகப் பேச்சு. புதன்கிழமை கேட்டால், “பூ எல்லாம் ஒட்டியாச்சுக்கா, பசை காயணும்.” வியாழக்கிழமை, “பிரிண்டிங்ல நிக்குதுக்கா, கரண்ட் இல்லை.” கத்தரியால் வெட்டும் எழுத்துக்குப் பிரிண்டிங் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்குப் பள்ளி வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. டிரைவர் பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. “பாக்கி 3,500 ஜிபே பண்ணச் சொன்னாங்க மேடம், அவங்க போன் பண்ணி ஓகே சொன்னாத்தான் பெட்டியை இறக்கணும்.” விடிந்தால் விழா. அனுப்பினோம்.

இவர்கள் பிழைப்பே இங்கேதான் இருக்கிறது. கல்யாண ஜவுளி என்றால் சரியில்லை, எடுத்துப் போ என்று திருப்பி அனுப்பலாம். ஃபேர்வெல், பட்டமளிப்பு எல்லாம் ஒரே நாள் கூத்து, தேதி நகராது. முந்தின ராத்திரி வரும் சரக்கை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். விழா முடிந்த பிறகு சண்டை போடவும் யாருக்கும் தெம்பு இருக்காது. தாமதம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது அவர்கள் போட்ட கணக்கு.

பெட்டியைத் திறந்தோம். கையால் மடித்ததாகச் சொன்ன காகித விசிறிகள் கடையில் எட்டு எட்டாகப் பாக்கெட்டில் தொங்குபவை. ஒன்றின் பின்பக்கம் விலை ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தார்கள், பாதிதான் வந்திருந்தது. ‘கைக்காகித’ப் பூவின் இதழ் ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன், நடுவில் பளிச்சென்று வெள்ளை. மேலே சாயம் அச்சடித்த சாதா அட்டை. புதுச்சேரியில் 1959-லிருந்து அரவிந்தர் ஆசிரமத்து ஆலையில் செய்யும் கைக்காகிதத்தைக் கையில் எடுத்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். பருத்தித் துணிக் கழிவை அரைத்த கூழில் சட்டம் போட்டு எடுப்பது அது. சாயத்தைக் கூழிலேயே கலப்பதால் கிழித்தால் உள்ளேயும் அதே நிறம் இருக்கும், கிழிந்த ஓரத்தில் நார் நாராக நீளும். வெட்டாத விளிம்பு நேராக இருக்காது.

பெயர்த் தோரணம் இன்னும் மோசம். கையால் வெட்டியது என்று 2,000 வாங்கியது பிரிண்டரில் எடுத்த ஏ4 தாள். அதிலும் தமிழ் சரியாக வராத ஏதோ சாஃப்ட்வேரில் ஒட்டியிருக்கிறார்கள். கொம்பு முன்னால் வராமல் எழுத்துக்குப் பின்னால் போய், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றது. கொ, மொ, தே வருகிற பெயர் வைத்த பிள்ளைகளின் பெயரெல்லாம் உடைந்து கிடந்தது. இப்போதுதான் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தொப்பியைத்தான் மன்னிக்க முடியவில்லை. எலாஸ்டிக்கை ஸ்டேப்ளர் அடித்து இணைத்திருந்தார்கள், பின்னின் மடங்கும் முனை உள்பக்கம், சரியாக நெற்றியிலும் காதுக்கு மேலும் படும் இடத்தில். சிலவற்றில் முனை மடங்கக்கூட இல்லை, விரலை ஓட்டினால் குத்தியது. உள் ஓரத்தில் கருநீலக் கிரேப் பேப்பர் பட்டி. நாக்கில் தொட்ட விரலால் தேய்த்தேன், விரல் நீலமானது. கிரேப் பேப்பர் ஈரம் பட்டால் சாயம் விடும் என்பது காகித வேலை செய்கிற யாருக்கும் தெரியும். மார்ச் கடைசி, திருச்சி வெயில், ஃபேன் மட்டும் ஓடும் ஹால், ஐந்து வயதுப் பிள்ளைகள், வெள்ளைச் சட்டை.

அப்புறம் நடந்தது நீங்கள் ஊகிப்பதுதான். பெரிய கடை வீதியில் தெரிந்த ஸ்டேஷனரிக் கடைக்காரர் பாதி ஷட்டரைத் தூக்கி சார்ட் அட்டையும் டபுள் டேப்பும் கொடுத்தார். அப்பாக்கள் உட்கார்ந்து பின்னைப் பிடுங்கினார்கள், அம்மாக்கள் கிரேப்பை உரித்துவிட்டுத் துணி டேப் ஒட்டினார்கள். எழுத்துகளை ஒரு தாத்தா பிளேடால் வெட்டினார். பழைய சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட், என்ன ஒரு கை! ஒரு மணி வரைக்கும் வேலை. விழா நன்றாகவே நடந்தது.

திங்கட்கிழமை பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “ஹேண்ட்மேட்னா சின்னச் சின்னக் குறை இருக்கும்க்கா, அதுதான் அதோட அழகு” என்று பதில் வந்தது. பிறகு பிளாக். 1915-க்கு அழைத்தோம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் எண் கொடுத்தார்கள், விற்றவர் பதில் சொல்லவில்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நம்மிடம் இருக்கும் ஆதாரம்தான் முக்கியம். பேச்சு முழுக்க வாட்ஸாப்பில் இருந்ததும், பெட்டி திறந்ததை ஒரு அப்பா வீடியோ எடுத்ததும் இப்போது கைகொடுக்கின்றன. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்துவிட்டால் 1930, சைபர் குற்றப் பிரிவு. அதற்கு உடனே அழைக்க வேண்டும், நாள் ஆக ஆகப் பணம் கை மாறிவிடும்.

ஆர்டர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உண்மையான விழாத் தேதியை மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்னால் ஒரு தேதி சொல்லுங்கள். அந்த ஒரு வாரம் இருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் தானாக வரும். ஒரு பூ, ஒரு தொப்பி மட்டும் முதலில் காசு கொடுத்து வாங்கிக் கிழித்துப் பாருங்கள், நனைத்துப் பாருங்கள். நன்றாகச் செய்கிறவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. என் தோழி கல்லூரி ஃபேர்வெல்லுக்கு ஒரு சுய உதவிக் குழுப் பெண்களிடம் வாங்கினாள். அவர்களே பாதி வேலையில் வீடியோ அனுப்பி நிறம் சரியா என்று கேட்டார்களாம். பாக்கியைப் பெட்டி திறந்த பிறகு தருவதாக வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் தலையில் வைப்பது எதுவாக இருந்தாலும் உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்க்காமல் வைக்காதீர்கள்.

இதை இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் விழா மேடையின் படத்தை ஒரு பெற்றோர் இன்ஸ்டாவில் போட்டிருந்தார். அதை எடுத்து, ‘எங்கள் ஹேண்ட்மேட் வொர்க், திருச்சி’ என்று தங்கள் பக்கத்தில் போட்டு, கல்லூரி ஃபேர்வெல் ஆர்டர் பிடிக்கிறார்கள். ரிப்போர்ட் செய்திருக்கிறோம், இன்னும் எடுக்கவில்லை. அன்று ராத்திரி நாங்களே மஞ்சள் சார்ட்டில் செய்த சாமந்திப் பூக்கள், நடுவில் கறுப்பில் வெட்டிய பெரிய தமிழ் எழுத்துகள், வலது ஓரத்தில் ஒரு பூ மட்டும் ஆரஞ்சு. மஞ்சள் அட்டை தீர்ந்துபோனதால் அது. அந்தப் படத்தை யாராவது உங்களுக்குக் காட்டினால், அது அவர்கள் செய்ததில்லை.