வீட்டுத் தரகரின் உணவுக் கையேடும், உணவு வங்கிக்குப் போகும் பத்தில் ஒரு பங்கும்

சாவி கைக்கு வந்த அன்று எங்கள் வீட்டுத் தரகர் மூன்று பொருள்களை ஓர் உறையில் போட்டுத் தந்தார்: அன்றாட உணவையும் உடல்நலத்தையும் பற்றிய 24 பக்கக் கையேடு, ஃபிரிட்ஜுக்குள் வைப்பதற்கான சிறிய வெப்பமானி, தம் கமிஷனில் பத்தில் ஒரு பங்கை உணவு வங்கிக்குக் கொடுப்பதாக எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தின் நகல். வீடு வாங்கித் தரும் வேலைக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது வியப்பாக இருந்தது. குடிவந்து ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. அந்த மூன்றையும் அவருடைய தரகு வேலையோடு சேர்த்து இப்போது மதிப்பிட முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் தரகு வேலை. கொடையாளி என்பதற்காக ஒருவரை நல்ல தரகர் என்று சொல்லிவிட முடியாது. வீடு பார்க்கத் தொடங்கியபோது அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, ஒரு நாளைக்கு எத்தனை வேளை வீட்டில் சமைக்கிறீர்கள் என்பது. இரண்டு வேளை என்றதும், பட்டியலில் இருந்த இரண்டு வீடுகளை அவரே நீக்கிவிட்டார். அவற்றில் ஒன்றின் அடுப்புக்கு மேலிருந்த புகைபோக்கி, புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டி மறுபடியும் அறைக்குள்ளேயே விடும் வகை. எரிவாயு அடுப்பு எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் டையாக்ஸைடை அந்த வடிகட்டி பிடித்துவைக்காது, ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அது சரிப்படாது என்று விளக்கினார். நாங்கள் இறுதியில் வாங்கிய வீட்டில், மெல்லிய காகிதம் ஒன்றை விசிறியின் முகப்பில் ஒட்டினாற்போல் பிடித்து, அது இழுக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, வெளிச்சுவருக்குப் போய்க் காற்று வெளியேறும் துளையில் கையை வைத்தும் பார்த்தார். காய்கறிக் கடைக்கு நடந்து போக முடியுமா, மாடிப்படிகளுக்கு வெளிச்சம் இருக்கிறதா என்பனவற்றையும் வீட்டின் பரப்பளவைப் போலவே குறித்துவைத்தார். வண்டியை எடுத்தால்தான் காய்கறி என்ற இடத்தில் குடியிருப்பவர் வாரம் ஒரு முறை வாங்கிச் சேர்த்துவைத்து, கடைசி இரண்டு நாள்களைப் பொட்டல உணவில் ஓட்டுவார் என்பது அவருடைய கணிப்பு. எங்கள் பழைய வீட்டில் நாங்கள் செய்தது அதுவேதான்.

குறையும் உண்டு. சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியின் பின்பலகையில் ஈரம் ஊறியிருந்ததை நாங்கள் சுட்டிக்காட்டியபோது, பழைய கசிவின் கறை என்று சொல்லி நகர்ந்துவிட்டார். குடிவந்த மூன்றாம் வாரத்தில் அந்தப் பலகையைக் கழற்றினால் பின்னால் சுவர் முழுவதும் பூஞ்சை. காகிதத்தை வைத்து விசிறியைச் சோதித்தவர் ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். செலவு முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது.

இனிக் கொடை. கமிஷனில் பங்கு தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் தரகர்களைப் பார்க்கும்போதெல்லாம், கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை என்றே எனக்குத் தோன்றும். வாங்குபவரிடமோ விற்பவரிடமோ வாங்கிய பணம்; அதில் கொஞ்சத்தைக் கிள்ளிக் கொடுத்துவிட்டுப் பெயரைத் தான் எடுத்துக்கொள்வது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வேறு மூன்று தரகர்களின் கமிஷன் விழுக்காட்டை விசாரித்தேன். இவருடையது அவற்றைவிடக் கூடுதலாக இல்லை. அதோடு விடாமல், கொடையே வேண்டாம், அந்தப் பத்தில் ஒரு பங்கை எங்கள் கமிஷனில் கழித்துவிடுங்கள் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். "கமிஷனைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதாக இருந்தால் பேசுங்கள், முடிந்ததைக் குறைக்கிறேன். ஆனால் குறைத்த பிறகு என் கைக்கு வருவதில் பத்தில் ஒன்று அங்கே போகும். அது என் கணக்கு, உங்களுடையது இல்லை" என்றார். பேசினோம், கொஞ்சம் குறைத்தார். தேங்காய் அவருடையதுதான் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பத்தில் ஒன்று எதில் பத்தில் ஒன்று என்பதைக் கேட்காமல் விட்டிருந்தால் ஏமாந்திருப்பேன். நாம் செலுத்தும் கமிஷன் முழுவதும் தரகரின் பைக்குள் போவதில்லை. அவர் பணியாற்றும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதே அவருடையது. அந்த மிச்சத்தில்தான் பத்தில் ஒன்று என்று கடிதத்தின் இரண்டாம் பத்தியில் தெளிவாக எழுதியிருக்கிறார். விளம்பரப் பலகையிலோ "கமிஷனில் 10 விழுக்காடு" என்ற சொற்களே பெரிய எழுத்தில் இருக்கின்றன, விளக்கம் ஏதும் இல்லை. நேர்மையாகக் கொடுக்கிற ஒருவர் பலகையிலும் அதே நேர்மையைக் காட்டலாம். ரசீது அவர் பெயரில் வருகிறது, வரிச்சலுகை இருந்தால் அதுவும் அவருக்கே என்பதில் எனக்கு வருத்தம் இல்லை, கொடுத்தவர் அவர். ஆனால் ரசீதின் நகலை வீடு கைமாறிய நான்கு வாரத்துக்குள் அனுப்புவதாகச் சொன்னவர், இரண்டு முறை நினைவூட்டிய பிறகு பதினொன்றாம் வாரத்தில் அனுப்பினார். ரசீதில் இருந்த தேதி ஐந்தாம் வாரத்துக்குரியது. பணம் ஏறக்குறையச் சொன்ன காலத்தில் போயிருக்கிறது, தாள்தான் மேசையில் தூங்கியிருக்கிறது.

இன்னொன்று எனக்கு உறுத்தலாக இருந்தது. நண்பர் ஒருவரை அறிமுகப்படுத்தினால் உங்கள் பெயரில் கூடுதல் கொடை என்று கையேட்டின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறார். ஆள் பிடித்துத் தருவதற்கான கூலியைத் தருமத்தின் சட்டையை மாட்டி அனுப்புவதாகவே எனக்குப் படுகிறது. வாடிக்கையாளர் திருப்தியடைந்தால் தானாகவே சொல்லிவிட்டுப் போகிறார்.

அவருடைய அலுவலக வாசலில் உணவு வங்கிக்காக ஒரு பெட்டி வைத்திருக்கிறார். ஒப்பந்தம் தொடர்பாகப் போன நாளில், காத்திருந்த நேரத்தில் அதை எட்டிப் பார்த்தேன். மேலாக உப்புத் தூவிய வறுவல் பொட்டலங்கள், அவற்றின் கீழே கிரீம் பிஸ்கட்டுகள், உடனடி நூடுல்ஸ், நான்கைந்து குளிர்பானப் புட்டிகள். அடியில் ஒரு தகர டப்பா, விளிம்பு நசுங்கி, மூடி உப்பிப்போய். உப்பிய டப்பாவைத் திறக்கவே கூடாது, போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் நச்சுக்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம். அவருடைய கையேடோ, உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகளை எடுத்துக்காட்டி, ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்றும், உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் போதித்துக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 10 விழுக்காடு 50 கிராம். 330 மில்லிலிட்டர் குளிர்பானம் ஒன்றிலேயே சுமார் 35 கிராம் போய்விடும். நமக்கு ஆகாது என்று ஒதுக்குவதை இல்லாதவருக்கு அனுப்புகிறோமா என்று அவரிடம் கேட்டேன், கொஞ்சம் காரமாகவே. அவர் வாதாடவில்லை. பெட்டியைக் கொட்டி, உப்பிய டப்பாவைத் தனியே எடுத்துவைத்தார்.

அடுத்த முறை போனபோது பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பருப்பு வகைகள், சமையல் எண்ணெய், உப்புக் குறைந்த டப்பா உணவு, குழந்தைகளுக்கான பால்மாவு, சானிட்டரி நாப்கின் ஆகியவை வேண்டும், நசுங்கியதோ திறந்ததோ வேண்டாம், பணமாகத் தர விரும்புவோர் உணவு வங்கிக்கே நேரடியாகச் செலுத்தலாம். கடைசி வரிதான் முக்கியமானது. உணவு வங்கிகள் மொத்தமாகக் கொள்முதல் செய்பவை. நாம் சில்லறைக் கடையில் ஒரு டப்பா வாங்கும் பணத்தில் அவற்றால் பெரும்பாலும் கூடுதலாக வாங்க முடியும், அந்த வாரத்தில் எது குறைகிறதோ அதையும் பார்த்து வாங்க முடியும். 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கியபோது, கடைகள் வீசியெறியும் நல்ல உணவை வாங்கிச் சேர்த்துவைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. சேர்த்துவைக்கும் வேலையில், எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் வேலையும் அடக்கம். தரகர் தம் பங்கைப் பொருளாகக் கொடுக்காமல் பணமாகக் கொடுப்பதை அதனால்தான் சரியென்று நினைக்கிறேன்.

கையேட்டைப் பற்றி இருவிதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டைப் பற்றிப் பேசும் இடங்களில் அது மிக நன்றாக இருக்கிறது. பழைய வீடுகளில் ஈயக் குழாய்கள் இருக்கக்கூடும். இரவு முழுவதும் தேங்கிய நீரைக் காலையில் சற்று ஓடவிட்ட பிறகே குடிக்கப் பிடிக்க வேண்டும். வெந்நீர்க் குழாயின் நீரைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது, சூடான நீர் ஈயத்தை எளிதில் கரைக்கும். கொதிக்கவைப்பதால் ஈயம் போகாது என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறார். நான் இத்தனை ஆண்டுகளாக அரிசி வேக நேரமாகாதிருக்க வெந்நீர்க் குழாயைத் திறந்துவந்தவன். பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது எப்படி என்ற பக்கமும் பயனுள்ளது: சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும், ஆகவே 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. இதைப் படித்த பிறகு என் மனைவி அலமாரியில் இருந்த சூப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டதில் ஒரு மாலை போயிற்று.

வீட்டை விட்டு வெளியேறி உடம்பைப் பற்றிப் பொதுவாகப் பேசத் தொடங்கும்போது கையேடு வழுக்குகிறது. 8-ஆம் பக்கத்தில் தினமும் எட்டு டம்ளர் தண்ணீர், பத்தாயிரம் அடிகள், வாரம் ஒரு நாள் நச்சு நீக்கும் சாறு என்று மூன்று கட்டளைகள். எட்டு டம்ளர் கணக்கு 1945-இல் அமெரிக்க ஊட்டச்சத்துக் குழு ஒன்று தந்த இரண்டரை லிட்டர் பரிந்துரையிலிருந்து வந்தது என்பர். அதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடும் என்று அதே பரிந்துரையில் இருந்த வாக்கியத்தை உலகம் மறந்துவிட்டது. பத்தாயிரம் அடிகள் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண். அண்மைக்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளுக்கு மேல் ஆயுள் சார்ந்த பலன் பெரிதாகக் கூடுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். என் அப்பாவுக்கு வயது 71. பத்தாயிரத்தை எட்டவில்லை என்று மாலையில் மொட்டைமாடியில் சுற்றிச்சுற்றி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டவர். இப்படிப்பட்டவர் கையில் இந்தப் பக்கம் போய்ச்சேர்வது நல்லதல்ல. சாற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நச்சை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் சம்பளம் கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையை ஒரே வரியில் போட்டிருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் மிச்சமாகியிருக்கும்.

மூன்றில் மிகச் சிறியது வெப்பமானி. அதை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இரவு வைத்துக் காலையில் பார்க்கச் சொல்லியிருந்தது கையேடு. முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற ஃபிரிட்ஜ், தொட்டால் குளிர்ந்துதான் இருந்தது. வெப்பமானி காட்டியதோ 9 டிகிரி. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுகிறோம், நன்றாகச் சூடாக்கித்தான் சாப்பிடுகிறோம் என்ற எங்கள் ஒழுங்கெல்லாம் 5 டிகிரிக்குக் கீழே குளிரும் பெட்டியை நம்பி இருந்தது. கதவின் ரப்பர் பட்டை ஓரிடத்தில் விலகியிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகு 4 டிகிரிக்கு வந்தது. குழந்தைக்கு அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கு அதன் பிறகு வரவில்லை. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் வெப்பமானியை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன்.

என் தங்கை இப்போது வீடு தேடுகிறாள். தரகரின் எண்ணைக் கேட்டாள், கொடுத்தேன். தொட்டிக்குக் கீழே உள்ள பலகைகளை நீயே கழற்றிப் பார், ரசீதுக்கு ஐந்தாம் வாரத்தில் ஒரு முறை நினைவூட்டு, கையேட்டின் 8-ஆம் பக்கத்தைக் கிழித்துவிட்டு அம்மாவிடம் கொடு என்றேன். பின்னட்டையில் சொன்ன கூடுதல் கொடைக்கு என் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.