காரில் ஏசி விட்டு விட்டு ஓடினால் கம்ப்ரஸர் போச்சுன்னு நம்பாதீங்க (சேலம், ஏற்காடு பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு)

ஏற்காடு போய்த் திரும்பிய ஒரு சின்ன கார். மலைமேல் ஏசி "டக், டக்" என்ற சத்தத்தோடு விட்டு விட்டு ஓடியதாம். சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏசி கேஸின் பிரஷர் காட்டும் இரண்டு முள் மீட்டரை மாட்டிக் காட்டி, "ரெண்டு முள்ளும் ஒரே இடத்துல நிக்குது பாருங்க, கம்ப்ரஸர் அழுத்தவே இல்ல" என்று சொல்லி, கம்ப்ரஸரை மாற்றியதாக 21,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மறுவாரம் அதே "டக்" சத்தத்தோடு வண்டி எங்களிடம் வந்தது. பானட்டைத் திறந்தால் கம்ப்ரஸரின் மேல்பக்கம் மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட். அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளின் தலையில் பழைய செம்மண் காய்ந்து ஒட்டியபடி இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அந்த போல்ட்டைக் கழற்றாமல் கம்ப்ரஸரை மாற்றவே முடியாது. இது பச்சைத் திருட்டு.

மீட்டரில் என்ன நடந்தது என்றால், இன்ஜினை அணைத்துவிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஏசி ஓடாமல் கொஞ்ச நேரம் இருந்தால் எந்த வண்டியிலும் இரண்டு முள்ளும் ஒன்றாகத்தான் நிற்கும். ஏசியில் இருப்பது ஆர்134ஏ வகை கேஸ் என்றால் 30 டிகிரி வெயிலில் 95 முதல் 100 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) காட்டும். ஏசி ஓடும்போது லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் வருகிற பக்கம்) 25-45, ஹை பக்கம் (அழுத்தி வெளியே தள்ளுகிற பக்கம்) 150-250 என்று பிரிய வேண்டும். இன்ஜின் ஓடும்போது எடுக்காத ரீடிங்கை வைத்துக் கம்ப்ரஸரைக் குறை சொல்லவே கூடாது.

விட்டு விட்டு ஓடுவது பழுது இல்லை. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர வைக்கிற கூலிங் காயில் 3, 4 டிகிரிக்கு இறங்கினால் அங்கே இருக்கிற சென்சார் கம்ப்ரஸரை நிறுத்தும். நிறுத்தாவிட்டால் காயிலில் வழிகிற தண்ணீர் ஐஸ் கட்டி, காற்றே வராது. சில டிகிரி ஏறியதும் மறுபடி "டக்". சேலத்து மே மாத மதியத்தில் காயில் லேசில் குளிராது, அதனால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் வெளிக்காற்றே குளிர்ச்சி, அங்கே அடிக்கடி கட் ஆகும். கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது இன்ஜினுக்கு இழுவை கிடைக்கட்டும் என்று பல சின்ன கார்களில் கம்ப்ரஸர் சில வினாடி தானாகவே நிற்கும்.

நீங்களே பார்க்கலாம். இன்ஜின் ஐடிலில் ஓட, ஏசி போட்டு, டார்ச் அடித்துக் கம்ப்ரஸரின் முன்பக்கம் பாருங்கள். பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை கொண்டுபோகாதீர்கள். பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லி எப்போதும் சுற்றும். நடுவில் இருக்கிற வட்டத் தகடு (இதுதான் கிளட்ச்), "டக்" என்றதும் புல்லியோடு ஒட்டிச் சுற்றும், கட் ஆனதும் நின்றுவிடும். (கிளட்சே இல்லாத கம்ப்ரஸர் வருகிற வண்டிகளும் உண்டு. அதில் இந்தச் சோதனை செல்லாது.)

மூன்று முதல் ஐந்து வினாடிக்கு ஒருமுறை கட் ஆகி, காற்றும் குளிராதபோதுதான் கவலைப்பட வேண்டும். அப்போது முதல் சந்தேகம் கேஸ் குறைவு. லோ பிரஷர் இறங்க இறங்க சுவிட்ச் கட் பண்ணும், பிரஷர் ஏறியதும் மறுபடி ஓடும். லீக் எங்கே என்று பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அது திரும்பவும் வெளியேறத்தான் செய்யும். ஓ-ரிங் (பைப் இணைப்பில் இருக்கிற ரப்பர் வளையம்), கல் அடித்த கண்டென்சர் (முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற ஜாலி), கூலிங் காயில் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு சிக்னலில் சூடாகி, பைபாஸில் நன்றாகக் குளிர்கிறதா? கண்டென்சர் பேன் அல்லது அதன் ரிலேயைப் பாருங்கள். சூடானதும் தகடு ஒட்டாமல், ஆறியதும் ஒட்டினால், கிளட்ச் தேய்ந்து தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஷிம் (இடைவெளிக்காக வைக்கிற மெல்லிய வாஷர்) எடுத்தாலோ கிளட்ச் மட்டும் மாற்றினாலோ சரியாகும்.

கம்ப்ரஸர் உண்மையிலேயே போனால், இன்ஜின் ஓடும்போதே லோ ஏறி, ஹை இறங்கி, இரண்டு முள்ளும் நெருங்கி வரும். ஜாம் ஆனால் பெல்ட் கத்தும், பைப்பைக் கழற்றினால் உலோகத்தூள் இருக்கும். அப்போது டிரையரும் (கேஸில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற பாகம்) மாற்ற வேண்டும், லைனையும் கழுவ வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், புதுக் கம்ப்ரஸரின் சீரியல் நம்பரை மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுங்கள். வேக்கம் (லைனில் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது) குறைந்தது 30 நிமிஷம், பம்பை நிறுத்திய பிறகும் முள் நகரக்கூடாது. கேஸை மீட்டர் பார்த்து ஏற்றாமல், பானட் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கிராம் கணக்கில் எடை வைத்து ஏற்றச் சொல்லுங்கள். பழையதை டிக்கியில் வைத்த பிறகு பணம் கொடுங்கள்.