பீங்கான் கமாடோவா, தகட்டுக் கெட்டிலா?

வீட்டுப் பின்புறத்தில் கரியடுப்பு வைத்துச் சமைக்க ஆசைப்படுகிறவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான். 1952-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் வடிவமைத்த வெபர் கெட்டில், உருண்டையாக மூடி போட்ட மெல்லிய தகட்டு அடுப்பு. சட்டென்று சூடேறும், சட்டென்று ஆறும். கமாடோ, முட்டை வடிவில் மூடி போட்ட தடித்த பீங்கான் அடுப்பு. சூடேற நேரம் பிடிக்கும், ஏறிய சூட்டை லேசில் விடாது.

வித்தியாசம் தெரிவது நீண்ட சமையலில். 110 டிகிரி செல்சியஸில் பெரிய இறைச்சித் துண்டை மெல்ல வாட்ட வேண்டுமா? கமாடோவில் காற்று போய்வரும் கீழ்த்துளையையும் மேல்துளையையும் கீற்றளவு திறந்துவிட்டால் போதும். ஒருமுறை நிரப்பிய கரியே பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். உள்ளே காற்றோட்டம் குறைவு என்பதால் இறைச்சியும் எளிதில் வறளாது. கெட்டிலில் இடையிடையே கரி போட்டுக்கொண்டு, காற்றடித்தால் துளையைத் திருத்திக்கொண்டு பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். சிலருக்கு அந்தக் காவலே பொழுதுபோக்கு, அது வேறு விஷயம்.

கமாடோவில் சூடு எகிறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. வேண்டிய அளவுக்கு 20 டிகிரி முன்பே துளைகளை ஒடுக்கத் தொடங்குங்கள். கொதிக்கும் சூட்டில் மூடியை ஒரேயடியாகத் திறக்கவும் கூடாது. காற்று பாய்ந்து தீ குபீரென்று முகத்துக்கு வரும். இரண்டு விரல் உயரம் தூக்கி, சற்றுப் பொறுத்துத் திறக்க வேண்டும். பெரிய கமாடோ 70 கிலோவைத் தாண்டும். கீழே விழுந்தால் விரிசல்தான்.

ஒரு பக்கம் தணல், மறுபக்கம் வெறுமை என்று இரண்டு சூட்டில் சுடுவதற்குக் கெட்டில்தான் வசதி. அவசரச் சமையலுக்கும் அதுவே. பீட்சா, ரொட்டி, இரவு முழுக்கப் புகையில் வாட்டுவது என்று ஆசை நீண்டால், விலை கூடினாலும் நான் கமாடோ பக்கம்தான்.