கார் பார்க்கிங் தரைக்கு எபாக்சி: சதுர அடி ரேட்டை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்னை கொளத்தூரில் ஒரு ஃப்ளாட். ஸ்டில்ட் பார்க்கிங் தரை 1,000 சதுர அடி. “எபாக்சி பெயின்ட், 2 கோட், சதுர அடி 45 ரூபாய்” என்று ஒற்றை வரியில் கொட்டேஷன். அட்வான்ஸ் 60 சதவீதம். முதல் நாள் ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள், மறுநாள் பிரைமர், அதற்கடுத்த நாளே 2 கோட்டும் முடிந்து மீதிப் பணமும் கைமாறிவிட்டது. தரை பளபளவென்றுதான் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் முன்சக்கரம் நிற்கும் இடங்களில் பெயின்ட் உரிந்து டயரோடு வந்தது, சம்ப் ஓரத்தில் கொப்புளம். கேட்டதற்கு, “கீழ தண்ணி ஊறுது சார், நாங்க என்ன பண்றது?” என்று பதில். வேலை எடுக்கும் முன்பே அவர்கள் பார்த்திருக்க வேண்டியது அந்தத் தண்ணீரைத்தான்.

முதல் மோசடி லிட்டரில் இருக்கிறது. 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் பரப்பினால் கனம் 1 மில்லிமீட்டர், அதாவது 1,000 மைக்ரான். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். இங்கே வந்தது 4 லிட்டர் செட் 2, மொத்தம் 8 லிட்டர். அதன்மேல் தாராளமாகத் தின்னர். தின்னர் ஆவியாகிப் போவது. பெயின்ட்டிலும் பாதிதான் காய்ந்த பின் தரையில் நிற்கும் சரக்கு என்று வைத்தால், மிஞ்சுவது 43 மைக்ரான். ஏ4 தாளில் பாதிக் கனம்கூட இல்லை. ஓடி வந்த சூடான டயர் இந்த மெல்லிய படலத்தை இளக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆறும்போது இழுத்துப் பெயர்க்கும். காய்ந்தபின் 300 மைக்ரான் நிற்க வேண்டுமென்றால், ஆவியாகிப் போக எதுவும் இல்லாத எபாக்சியிலேயே 28 லிட்டர் வேண்டும். தானே மட்டமாகப் பரவும் 2 மில்லிமீட்டர் செல்ஃப் லெவலிங் என்று பேசினால் 186 லிட்டர். ஆகவே கொட்டேஷனில் “2 கோட்” என்பதற்குப் பொருளே கிடையாது. காய்ந்த கனம் எத்தனை மைக்ரான், பிரைமர் எத்தனை லிட்டர், மேல்கோட் எத்தனை லிட்டர், எந்தக் கம்பெனியின் எந்தச் சரக்கு என்று எழுதி வாங்குங்கள். டின்கள் சீலோடு வந்து உங்கள் கண்முன் உடைபட வேண்டும். காலி டின்னை எண்ணிப் பார்த்த பிறகுதான் பணம்.

பேஸ் ஒன்று, அதை இறுகச் செய்யும் ஹார்டனர் ஒன்று என இரண்டு டப்பாவாக வராதது இந்த வேலைக்கான எபாக்சியே இல்லை. எனாமலை எபாக்சி என்று அடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அடுத்தது ஓதம், அதாவது தரைக்கடியிலிருந்து ஏறும் ஈரம். ராயபுரம், தண்டையார்பேட்டை கடலோரமானாலும், வியாசர்பாடி, பட்டாளம் போன்ற தாழ்வான இடமானாலும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். மணல் நிரப்பி, பாலிதீன் விரிக்காமல் போட்ட பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) தரை அந்த ஈரத்தை உப்போடு உறிஞ்சும். எபாக்சி ஈரத்தை வெளியே விடாது. ஆகவே அழுத்தம் அடியில் சேர்ந்து கொப்புளமாகும். பார்ப்பது சுலபம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பாலிதீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். சம்ப், செப்டிக் டேங்க் ஓரங்களில் கண்டிப்பாக ஒட்டுங்கள். உள்ளே துளி கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ சாதாரண எபாக்சி வேண்டாம். மே மாதத்தில் காய்ந்திருந்ததைக் காட்டித் தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். நவம்பர், டிசம்பரில் பார்ப்பதுதான் உண்மை நிலவரம். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளம் நின்ற கோடு சுவரில் இருக்கும் இடங்களில் பார்க்கிங் டைல்ஸ் போடுவது நல்லது.

ஆசிட் கழுவல் மலிவு என்பதால்தான் அதைச் செய்கிறார்கள். தரையின் மேல் நிற்கும் பலவீனமான சிமெண்ட் பால் படலம் சரிசமமாகப் போகாது, சரியாக அலசாவிட்டால் உப்பு தங்கும், போதாததற்குத் தரை மறுபடி நனைகிறது. டைமண்ட் கிரைண்டிங் (வைரத்துகள் பதித்த சக்கரத்தால் தரையைத் தேய்ப்பது) செய்து வேக்குவமில் தூசி எடுக்கச் சொல்லுங்கள். தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்க வேண்டும். தண்ணீர் சொட்டு விட்டால் உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் அங்கே ஆயில் இருக்கிறது.

ஏற்கெனவே உரிந்துபோயிருந்தால், உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சிமெண்ட் தூள் ஒட்டியிருந்தால் கிரைண்டிங் நடக்கவில்லை. கொப்புளத்தைக் குத்தினால் நீர் வந்தால் ஓதம். பிரைமர் தரையிலேயே நின்று மேல்கோட் மட்டும் கழன்றால், கோட்டுகளுக்கு இடையே விட வேண்டிய நேரம் தவறியது அல்லது ஈரக்காற்றில் பிரைமர் மேல் படிந்த பிசுக்கைத் துடைக்காமல் அடித்தது. எங்கும் பிசுபிசுப்பாகவே இருந்தால் ஹார்டனர் அளவு தவறு. துண்டுகளைப் போட்டோவோடு பத்திரமாக வையுங்கள், சண்டையில் உதவும்.

கார் விட 7 நாள் என்று காண்ட்ராக்டரையே எழுதச் சொல்லுங்கள். பிறகு “சீக்கிரம் வண்டி விட்டுட்டீங்க” என்று தப்ப முடியாது. பணத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்தி வைக்க ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கட்டும். பில் இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். ஏமாந்தபின் முதலில் எழுத்தில் நோட்டீஸ், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.