கும்பகோணம் ஆரி கூடம்: கல்யாணப் பிளவுஸை நம்பிக் கொடுக்கலாமா?

திருபுவனத்தில் பட்டுப்புடவை எடுத்து முடித்தவர்கள் அடுத்துத் தேடி அலைவது, ஆரி ஒர்க் என்னும் கொக்கி ஊசிப் பூவேலையை நன்றாகப் போடும் கையைத்தான். கும்பகோணத்திலிருந்து திருபுவனம் போகும் வழியில் ஓர் ஓட்டு வீட்டுக் கூடத்தில் ஓர் அறக்கட்டளை இந்த வேலையை எடுத்துச் செய்கிறது. தனக்குப் பிடித்த கைவேலையை அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தவர், அதையே அறக்கட்டளையாகப் பதிந்து நடத்திவருகிறார். பிள்ளைகளுக்கு அவர் ‘அக்கா’. பன்னிரண்டாவதோடு நின்றவர்கள், பட்டம் வாங்கியும் உள்ளூரில் வேலை கிடைக்காதவர்கள், திருப்பூர் மில்லுக்குப் போக வீட்டில் விடாதவர்கள் என்று பலரும் இங்கே, துணியை இழுத்துக் கட்டும் சட்டமான கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. ஆர்டர் வேலைக்குக் கூலி உண்டு.

நல்ல காரியம் என்பதற்காக யாரும் கல்யாணப் பிளவுஸைக் கொடுத்துவிட மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. வேலை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

புடவையோடு வரும் பிளவுஸ் பிட் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். கெடுத்துவிட்டால் அதே சாயத்தில் இன்னொன்று கிடைக்காது. அதனால் துணியைக் கட்டிலில் ஏற்றும் விதத்திலேயே பாதி வேலை தெரிந்துவிடும். இங்கே பட்டைக் கயிற்றில் நேரே கட்டுவதில்லை. நான்கு ஓரத்திலும் நான்கு அங்குல அகலத்துக்குக் காடாத் துணி இணைத்து, அந்தக் காடாவில்தான் கயிறு போட்டு இழுக்கிறார்கள். துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் கட்டில் சட்டத்துக்கு நேராக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு விரலால் சுண்டினால் ‘டொம்’ என்று கேட்க வேண்டும். கோணலாக இழுத்த துணி கட்டிலில் இருக்கும்வரை அழகாகத்தான் தெரியும். அவிழ்த்ததும் கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும். எந்த இஸ்திரிப் பெட்டியாலும் அதை எடுக்க முடியாது. அவசரத்தில் செய்யும் கடைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

டிசைனைப் பதிப்பது பழைய முறை. பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கிறார்கள். அடர்நிறத்துக்கு வெள்ளை, வெளிர்நிறத்துக்கு நீலம். பஞ்சைப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது, அதுதான் பதம். தண்ணியாகிவிட்டால் பேப்பருக்கு அடியில் பரவிக் கோடு தடித்துவிடும், கறையும் தங்கும். புதிதாக வந்த பிள்ளைகளை இந்த வேலைக்கு விடுவதே இல்லை.

ஆரி ஊசியின் நுனியில் சின்னக் கொக்கி இருக்கிறது. துணிக்கு அடியில் போனதும் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கைப்பிடியில் உள்ள ஸ்க்ரூவும் கொக்கியும் ஒரே திசையைப் பார்க்கும்படி ஊசியை மாட்டச் சொல்லித்தருகிறார்கள். கட்டைவிரல் ஸ்க்ரூவில் இருந்தால் கொக்கி எங்கே என்று கை சொல்லிவிடும். மேலே எடுக்கும்போது ஊசியைத் திருப்பாமல் இழுத்தால் பட்டு இழை மாட்டிக்கொண்டு வரும். கனமான திருபுவனம் பட்டு இந்தத் தவறைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சாஃப்ட் சில்க் பொறுக்காது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது, பின்பக்கத்தைப் பார்க்கும் வழக்கம். ஆரித் தையல் சங்கிலித் தையல். கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால், நுனியை இழுத்த வேகத்தில் வரிசை முழுக்கக் கழன்று வந்துவிடும். இங்கே ஒவ்வொரு வரிசை முடிவிலும் இரண்டு மூன்று பொடிக் கண்ணிகளைத் திருப்பிப் போட்டு, நூலை அடிப்பக்கம் இறக்கி முடிச்சிடுகிறார்கள். மூத்த பெண் ஒருவர் அடிப்பக்கத்தைப் பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகுதான் லைனிங் வைக்கிறார்கள். எந்தக் கடையில் கொடுத்தாலும் லைனிங் வைப்பதற்கு முன்பு பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் யோசியுங்கள்.

தையல் கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளித்தான் மணி தொடங்குகிறது. ஒட்டி வைத்தால் மெஷின் ஊசி பட்டு மணி உடையும், ஊசியும் முறியும். அக்குளில் கை சேரும் இடத்தில் ஓர் அங்குலம் வெறுமையாக விடுகிறார்கள். அங்கே மணி இருந்தால் தோலை உராயும்.

குறைகளும் உண்டு. அவசர ஆர்டரில் வலது கையை ஒருவர், இடது கையை இன்னொருவர் போடுகிறார்கள். ஒருவர் கண்ணி சின்னது, மற்றவர் கண்ணி நீளம். தூரத்தில் தெரியாது, போட்டோவில் பக்கத்தில் வந்தால் தெரியும். ‘இரண்டு கையும் ஒரே ஆள் போட வேண்டும்’ என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதினால் அப்படியே செய்கிறார்கள். இன்னொன்று, பசை வைத்து ஒட்டும் குந்தன் என்னும் அலங்காரக் கல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பசை சீக்கிரம் காயாது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஈரம் நிற்கும், உடுத்திய அன்றே கல் விழும். மழை மாதத்தில் பசையை மட்டும் நம்பாமல், கல்லைச் சுற்றி ஜரியோ மணியோ கட்டிக் கொடுக்கச் சொல்வது நல்லது.

விலை விஷயத்தில் இந்த இடம் மற்றக் கடைகளிலிருந்து நிறையவே வேறுபடுகிறது. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. பின்கழுத்துக்கு இரண்டு வரிசை ஜரி, சுகர் பீட்ஸ் என்னும் பொடி மணி, நடுவில் குந்தன் என்று ஒரு டிசைன் வந்தால் அவளே விலை போட வேண்டும். வேலை நேரம் 14 மணி, மணிக்கு 70 ரூபாய் வீதம் கூலி 980. பொருள் 320. வாடகை, கட்டில் தேய்மானத்துக்கு 100. ஆக 1,400. தையல் கூலி தனி. இந்தச் சீட்டை வாடிக்கையாளருக்கும் காட்டுகிறார்கள். பேரம் பேசினால் டிசைனில் ஒரு வரிசையைக் குறைப்பார்கள், கூலியில் கை வைப்பதில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் போட்டது’ என்று தன் உழைப்பைத் தானே மலிவாக விற்றுப் பழகிய ஊரில், ஒரு பெண்பிள்ளை தன் மணிநேரத்துக்கு விலை சொல்லக் கற்பதுதான் இங்கே கிடைக்கும் பெரிய படிப்பு என்று நினைக்கிறோம்.

வருமானம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆர்டரும் இல்லை. அந்த மாதங்களைப் புதியவர்களின் பயிற்சிக்கு ஒதுக்கியிருப்பது புத்திசாலித்தனம். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் வருகை குறையும். நடவுக்குப் போவது அம்மாக்கள். சமையலும் தம்பி தங்கைகளும் மகள்களின் தலையில் விழும். அந்த வாரங்களில் மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்று நேரத்தை மாற்றிவிடுகிறார்கள். கண்டிப்பு காட்டியிருந்தால் பாதிப் பேர் நின்றிருப்பார்கள்.

கணக்குவழக்கும் சுத்தம். அறக்கட்டளைக்குத் தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு. ஆர்டர் வரவுக்கு ஒரு புத்தகம், நன்கொடைக்கு வேறு புத்தகம். ஆசையில் தொடங்கும் பல முயற்சிகள் நடத்துபவரின் சொந்தக் கணக்கிலேயே எல்லாப் பணத்தையும் போட்டு, பிறகு வரிக் கணக்கில் சிக்கிக்கொள்கின்றன. பிளவுஸுக்கு நீங்கள் கொடுப்பது விலை. அதற்கு பில் கிடைக்கும், வரிச்சலுகைக்கான நன்கொடை ரசீது கிடைக்காது. தனியாக நன்கொடை கொடுத்து வரிச்சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள்.

கவலை தரும் ஒன்று: டிசைனும் நிறமும் இன்னும் அக்காவின் கண்ணை நம்பியே இருக்கின்றன. அவர் வெளியூர் போனால் புது ஆர்டர் எடுப்பதில்லை. அளவு எடுக்க இரண்டு மூத்த பெண்கள் தயாராகிவிட்டார்கள், நிறம் சேர்க்கவும் யாரையாவது சீக்கிரம் தயார்ப்படுத்த வேண்டும்.

கொடுப்பதாக இருந்தால் புடவையையும், சரியாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றையும் எடுத்துப் போங்கள். குறைந்தது 25 நாள் அவகாசம் கொடுங்கள். தை முகூர்த்தத்துக்கு என்றால் கார்த்திகைப் பிறப்பிலேயே கொடுத்துவிடுவது நல்லது. வாங்கிய பிறகு தண்ணீரில் நனைக்காதீர்கள், சென்ட் அடிக்காதீர்கள். உடுத்தியதும் உள்பக்கம் திருப்பி நிழலில் உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.