லிவர்பூலா, ஆர்சனலா? பிரீமியர் லீக் 2025-26

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் புதிய சீசன் 2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்குகிறது. மான்செஸ்டர் சிட்டியை ஒதுக்கிவிட முடியாதுதான். ஆனாலும் கோப்பை லிவர்பூல், ஆர்சனல் இரண்டில் ஒன்றுக்கே என்பது என் கணிப்பு.

போன சீசனில் லிவர்பூல் 84 புள்ளிகள், ஆர்சனல் 74. இரு அணிகளும் தோற்றது தலா 4 ஆட்டங்களில்தான்! ஆர்சனலைக் கவிழ்த்தது வெற்றி தோல்வியின்றி முடிந்த 14 டிராக்கள். முன்கள வீரர்கள் ஹாவெர்ட்ஸும் ஜேசுஸும் காயத்தில் படுத்துவிட, நடுக்கள வீரர் மெரினோவை முன்னால் நிறுத்தி ஒப்பேற்றினார்கள். இப்போது முன்கள வீரர் கியோகெரஸ் வந்திருக்கிறார். போர்ச்சுகல் லீக்கில் போன சீசனில் மட்டும் 39 கோல் அடித்தவர். தடுப்பாட்டமோ ஏற்கெனவே கெட்டி, வாங்கியது 34 கோல்தான். மைதான மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் கிக் வேறு இருக்கிறது. ரைஸ் பந்தை வளைத்து உள்ளே அனுப்ப, கோலின் தூரக் கம்பத்துப் பக்கமிருந்து ஓடிவந்து கேப்ரியல் தலையால் முட்டுவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

லிவர்பூல் அடித்தது 86 கோல். சலா மட்டும் 29. விர்ட்ஸ், எகிடிகே என்று பணத்தைக் கொட்டி ஆள் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அலெக்சாண்டர்-ஆர்னால்டும் டியாஸும் போய்விட்டார்கள், இரு ஓரங்களிலும் தடுத்தாடும் ஃபுல்பேக்குகளும் புதுசு. இவர்கள் ஒருவருக்கொருவர் பழக நாளாகும். ஜூலையில் கார் விபத்தில் சக வீரர் ஜோட்டா மறைந்த துயரத்தையும் சுமந்துகொண்டுதான் இந்த அணி களமிறங்குகிறது. அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அழகான ஆட்டம் வேண்டுமா, லிவர்பூலைப் பாருங்கள். கோப்பை? நூலிழையில் ஆர்சனலுக்கு என்பேன். ஆகஸ்ட் 31, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் இரண்டும் மோதுகின்றன.