சேலத்தில் ஒரு சன்மார்க்க தருமச்சாலை: சோறும் கணக்கும்

சேலம் லீ பஜாரை ஒட்டிய தெருவொன்றில் வள்ளலார் நெறியைப் பின்பற்றும் அன்பர்கள் நடத்தும் தருமச்சாலைக்கு, என் தந்தையாரின் நினைவு நாளில் ஆண்டுதோறும் ஒருவேளை உணவுக்கு நன்கொடை அளித்து வருகிறேன். அங்கே கொடுக்க நினைப்பவர்கள் பந்தியையும் பேரேட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காலையில் கஞ்சியும் துவையலும், நண்பகலில் சோறும் சாம்பாரும் ஒரு பொரியலும் பரிமாறுகிறார்கள். டோக்கன் கிடையாது, ஊர், சாதி என்ற விசாரணையும் கிடையாது. அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களும் பஜாரில் மூட்டை தூக்குபவர்களும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். ஒரு முதியவர் இரண்டாம் முறை சோறு கேட்கத் தயங்கி இலையை மடிக்கப் போனபோது, பரிமாறிய அம்மா ஒன்றும் பேசாமல் மடித்த ஓரத்தை விரித்துச் சோறு வைத்ததை நான் பார்த்தேன். வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடாத மரபு அல்லவா! சாப்பிட வந்தவரை வழிபாட்டுக்கு அழைப்பதில்லை. பாராயணம் பந்தி முடிந்த பிறகு, விரும்புவோருக்கு மட்டும் நடக்கிறது. சமயத் தொண்டு நிறுவனம் எதையும் நான் முதலில் இதை வைத்தே மதிப்பிடுகிறேன்.

கணக்கு அலுவலகத்தில் இரண்டு ரசீதுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று அன்னதான அறக்கட்டளைக்கு. மற்றொன்று தைப்பூச விழாவையும் வழிபாட்டையும் நடத்தும் சங்கத்துக்கு. இந்தப் பிரிப்புக்குக் காரணம் உண்டு. நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் வருமான வரி விதியின்படி (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 80ஜி பிரிவு), ஓர் அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் சமயச் செலவு செய்தால், அதற்குக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. ஆகவே விழாவுக்குக் கொடுத்த பணம் அரிசிக்குப் போவதில்லை, அரிசிக்குக் கொடுத்த பணம் பந்தலுக்குப் போவதில்லை. அறக்கட்டளைகள் பொதுவாக வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது தம் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். செலவழிக்காமல் நிலையாக வைத்திருக்கும் மூலதன நிதிக்கென்று கொடுப்பவர் அதை எழுத்தில் தெரிவித்தால் அத்தொகை தனியே வைக்கப்படும். இவற்றைக் கணக்காளர் சலிக்காமல் விளக்குகிறார். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை என்பதையும் பணத்தை வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. நன்கொடை விவரத்தை வரித்துறைக்கு மே 31க்குள் தாக்கல் செய்து நன்கொடையாளருக்கு வரிச்சலுகைக்கான நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். எனக்கு அது பலமுறை நினைவூட்டிய பின்னர்தான், ஜூலையில் வந்தது. தணிக்கை அறிக்கையைக் கேட்டால் காட்டுகிறார்கள், ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதில்லை. அறங்காவலர்களில் பெரும்பாலோர் ஒரே இரு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது இவ்வளவு நல்ல பணிக்குப் பொருந்தவில்லை. அன்றாடம் அடுப்படியில் நிற்கும் தொண்டர்களில் ஒருவருக்கேனும் அந்த அவையில் இடம் தர வேண்டும் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன்.

நினைவு நாளுக்குக் கொடுக்க விரும்புவோர் ஒரு மாதம் முன்பே தேதியைப் பதிவு செய்துகொள்வது நல்லது. பான் எண்ணைத் தவறாமல் எழுதிக் கொடுங்கள். ரசீதில் 'அன்னதானம்' என்று குறித்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். நேரம் இருந்தால் அன்று பரிமாறவும் நில்லுங்கள், மறுக்க மாட்டார்கள்.